இடம் தெரிந்த இழப்பு

மூன்று வருஷங்களுக்கு முன் காலமான நண்பர் ஒருவரின் வீட்டிலிருந்து பதினொரு டிவிடி தட்டுகள் என்னிடம் வந்தன. நண்பர் எதுவும் எழுதியவரல்ல. வாசகர், அதிலும் பிடிவாதமான வாசகர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் முந்நூறு, ஐந்நூறு பிரதிகள் அச்சாகி, நாலைந்து இதழ்களோடு நின்றுபோன சிறுபத்திரிகைகளை ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவர். அந்தக் காகிதம் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்ற கவலையில் 2005, 2006 வருஷங்களில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து தட்டுகளில் எழுதி வைத்தார். பிறகு ஒரு மழைக்காலத்தில் காகிதங்கள் நனைந்து வீணாயின. தட்டுகள் மிஞ்சின. அவற்றில் எட்டு ஒழுங்காகத் திறந்தன. மூன்று திறக்கவில்லை.

அந்த மூன்றோடு ஆறு மாதம் மல்லுக்கட்டியதில் எனக்குக் கொஞ்சம் சரித்திரம் படிக்கக் கிடைத்தது. கணிதக்காரர்களும் என்ஜினீயர்களும் சம்பந்தப்பட்ட சரித்திரம். ஆனால் பிரதி, பாடம், பாடபேதம் என்று பேசிக்கொண்டிருக்கும் நமக்கு அதில் நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒரு விஷயம் இருக்கிறது என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

டிஜிட்டல் என்றால் அழியாது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. வாஸ்தவத்தில் அந்தத் தட்டைச் செய்தவர்களுக்கே அந்த நம்பிக்கை இருந்ததில்லை. தட்டு காயப்படும், எழுதியபடியே ஒருபோதும் படிக்கக் கிடைக்காது என்ற அனுமானத்தின் மேல்தான் அதன் அமைப்பு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. புத்தம் புதுத் தட்டைக்கூட எந்த டிரைவும் பிழையில்லாமல் படிப்பதில்லை. படிக்கும்போதே நூற்றுக்கணக்கான பிழைகளைத் திருத்திக்கொண்டு, அதைப் பற்றி நம்மிடம் மூச்சு விடாமல் இருக்கிறது. அவ்வளவே. இந்தத் திருத்தும் திறமை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

1947-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதக்காரர் இருந்தார். அங்கே ரிலேக்களால் இயங்கிய ஒரு கணக்குப்பொறி இருந்தது. வாரநாட்களில் அதில் பிழை ஏற்பட்டால் பக்கத்தில் இருக்கும் ஆட்கள் கவனித்துச் சரிசெய்வார்கள். ஹாமிங்குக்குப் பொறி கிடைத்தது சனி, ஞாயிறில். அப்போது ஆள் இருக்காது. பிழை கண்டதும் பொறி அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்து ஏமாந்தபோது அவருக்கு ஒரு கோபமான கேள்வி எழுந்தது: பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பொறிக்கு அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள ஏன் தெரியக்கூடாது? 1950-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்விக்கான பதில். நான்கு பிட் செய்தியோடு மூன்று பிட் உபரியைச் சேர்த்தால், ஏழில் எந்த ஒன்று தவறினாலும் அதன் இடத்தைச் சொல்லிவிடலாம் என்று காட்டினார்.

அதற்குள் 1948-ல் அதே ஆய்வுக்கூடத்தின் க்ளோட் ஷானன், செய்திப் பரிமாற்றம் பற்றிய தன் கணிதக் கோட்பாட்டை வெளியிட்டிருந்தார். இரைச்சல் மிகுந்த வழியிலும் ஓர் எல்லைக்கு உட்பட்ட வேகத்தில், பிழையை நாம் விரும்பும் அளவுக்குக் குறைத்துச் செய்தி அனுப்ப முடியும் என்பது அதன் சாரம். அதற்கு விலை, செய்தியோடு உபரியையும் அனுப்புவது. அந்தக் கட்டுரையில் ஷானன் மொழியையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறையப் பாதி உபரி என்று மதிப்பிட்டார். அதாவது நாம் எழுதுவதில் பாதியை நாம் தேர்ந்தெடுத்து எழுதுகிறோம். மற்றப் பாதியை மொழியின் அமைப்பே எழுதிவிடுகிறது. இந்த உபரி என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் கவிதைக்கு வரும்போது அது வேண்டியிருக்கும்.

1960-ல், இங்கே 'எழுத்து' தொடங்கி ஒரு வருஷம் கடந்த சமயம், எம்ஐடியின் லிங்கன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்று தட்டிலிருந்து நாம் எதை மீட்டாலும் அந்த ஐந்து பக்கத்தின் தயவில்தான் மீட்கிறோம்.

அதன் கருத்தைப் பள்ளிக்கூடக் கட்டத்தாளை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு நேர்கோட்டை நிர்ணயிக்க இரண்டு புள்ளி போதும். நாம் அனுப்ப வேண்டிய செய்தி அந்த இரண்டு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் வழியே கோட்டை நீட்டி, அதே கோட்டில் இன்னும் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து நான்காக அனுப்புகிறோம். வழியில் ஏதாவது இரண்டு புள்ளி அழிந்து போகிறது. பாதகமில்லை, மிஞ்சிய இரண்டைக் கொண்டு கோட்டைப் போட்டால் அழிந்தவை தாமே கிடைத்துவிடும்.

இப்போது வேறொரு நிலைமை. எந்தப் புள்ளியும் அழியவில்லை. ஆனால் ஒன்று இடம் மாறிவிட்டது, எது என்று தெரியாது. நான்கில் மூன்று ஒரே கோட்டில் நிற்கும், ஒன்று விலகி நிற்கும். விலகியதைக் கண்டு திருத்திவிடலாம். ஆனால் இரண்டு இடம் மாறினால்? எந்த இரண்டை நம்புவது என்று சொல்ல வழியில்லை. அதைவிட மோசம், இடம் மாறிய இரண்டும் நல்ல புள்ளிகளில் ஒன்றும் தற்செயலாக ஒரே கோட்டில் விழுந்துவிட்டால், நாம் முழு நம்பிக்கையோடு தவறான கோட்டைப் போட்டு, மிஞ்சிய ஒரே உண்மையான புள்ளியையும் பிழை என்று திருத்திவிடுவோம்.

ரீட், சாலமன் செய்தது இதன் விரிவுதான். நேர்கோட்டுக்குப் பதில் பல்லுறுப்புக் கோவை. சாதாரண எண்களுக்குப் பதில் 256 எண்களுக்குள்ளேயே கூட்டலும் பெருக்கலும் முடிந்துவிடும் ஒரு புலம். அந்தப் புலங்களைப் பற்றி முதலில் எழுதியவர் எவரிஸ்த் கால்வா, 1832-ல் இருபது வயதில் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போன பிரெஞ்சுப் பையன். அந்தப் புலங்களைப் பற்றிய கட்டுரை அவன் உயிரோடிருந்தபோதே, 1830-ல் அச்சேறிவிட்டது. அவன் விட்டுப்போன மற்றக் கையெழுத்துப் பிரதிகள்தான் 1846 வரை காத்திருந்தன. 

விரிவு எவ்வளவானாலும் கட்டத்தாளில் கண்ட விகிதம் மாறுவதில்லை. பத்து உபரி சேர்த்தால், இடம் தெரியாத ஐந்து பிழையைத் திருத்தலாம். இடம் தெரிந்த இழப்பு என்றால் பத்தை மீட்கலாம். எங்கே இழந்தோம் என்று தெரிந்திருப்பது நம் சக்தியை இரட்டிப்பாக்குகிறது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் கிடைத்த முக்கியமான விஷயம் இதுதான். நாணயத்தைப் பற்றிய உபதேசமாக இதை யாராவது சொல்லியிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். கணிதத்தின் முடிவாகவே வந்து நிற்கும்போது தள்ளிவிட முடியவில்லை.

இந்தக் கணிதம் முதலில் பெரிய அளவில் வீடுகளுக்குள் வந்தது 1982-ல், ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய இசைத்தட்டில். அதே கணிதம்தான் வாயேஜர் 2 விண்கலம் 1986-ல் யுரேனஸிலிருந்து அனுப்பிய படங்களையும் காப்பாற்றியது. இசைத்தட்டில் அடுத்தடுத்து வரும் ஒலித்துணுக்குகளை அடுத்தடுத்து எழுதுவதில்லை. கலைத்துப் பிரித்து எழுதுகிறார்கள். ஒரு கீறல் தட்டின் ஓரிடத்தில் விழுந்தால், அந்தச் சேதம் பிரித்தெடுக்கும்போது பல இடங்களுக்குச் சிறிது சிறிதாகப் பங்கிடப்பட்டுவிடும். தடத்தின் மேல் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து எல்லாம் அழிந்தாலும் அப்படியே மீட்டுவிடலாம்.

அதற்கும் மேல் சேதமானால் என்ன செய்வது? இங்கே இசைத்தட்டு ஒரு தந்திரம் செய்கிறது. தொலைந்த ஒலித்துணுக்குக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பார்த்து, நடுவில் இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து நிரப்பிவிடுகிறது. ஒரு விநாடிக்கு 44,100 துணுக்குகள் ஓடும் இடத்தில் காதுக்கு இது தெரியாது. நாம் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் எது பாடகருடையது, எது கருவியுடையது என்று கேட்பவனுக்குச் சொல்லப்படுவதில்லை.

இதே தட்டில் எழுத்தையும் எண்ணையும் பதிவுசெய்யலாம் என்று சிடி-ராம் வந்தபோது இந்தத் தந்திரத்தைக் கைவிட வேண்டியிருந்தது. இரண்டு ஒலிகளுக்கு நடுவே ஓர் ஒலியை ஊகிக்கலாம். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஓர் எழுத்தை அப்படி ஊகிக்க முடியாது. ஆகவே அதில் இன்னொரு அடுக்கு உபரியைச் சேர்த்தார்கள். அதுவும் தோற்றால், படிக்க முடியவில்லை என்று பொறி சொல்லிவிட வேண்டும். நிரப்பக் கூடாது.

1995-ல் போட்டியிட்டுக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிக் கூட்டங்கள் சமாதானமாகி, 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி இந்தக் கொள்கையை மேலும் செம்மையாக்கியது. இசைத்தட்டின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி, டிவிடியில் 0.74. எழுத்து நுணுகியது, ஆகவே அதே கீறல் இன்னும் அதிகத்தை அழிக்கும். அதற்கேற்ற வைத்தியம் வேண்டும்.

டிவிடியில் 2,048 பைட் கொண்டது ஒரு பகுதி. பதினாறு பகுதிகள் சேர்ந்து ஒரு கட்டு. ஒரு கட்டை 192 வரிசையாகவும், வரிசைக்கு 172 பைட்டாகவும் ஒரு சதுரங்கப் பலகைபோல அடுக்குகிறார்கள். ஒவ்வொரு படுக்கை வரிசையின் கடைசியிலும் பத்து பைட் உபரி. ஒவ்வொரு நெடுக்கு வரிசையின் அடியிலும் பதினாறு பைட் உபரி. ஆக மொத்தம் 37,856 பைட்டில் 4,832 உபரி. எட்டில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

படிக்கும்போது முதலில் படுக்கை வரிசைகள் சோதிக்கப்படுகின்றன. ஒரு வரிசையில் ஐந்து பைட் வரை தவறியிருந்தால் அங்கேயே திருத்தம் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் வரிசை தன் தோல்வியை ஒப்புக்கொண்டு, தான் கெட்டுவிட்டதாக ஒரு குறி போட்டுக்கொள்கிறது. அடுத்து நெடுக்கு வரிசைகளின் முறை. இப்போது அவற்றுக்கு எந்த வரிசைகள் கெட்டவை என்று முன்கூட்டியே தெரியும். தெரியாவிட்டால் எட்டுவரைதான் திருத்த முடிந்திருக்கும். தெரிந்ததால் பதினாறு வரிசைகள் முழுவதுமாக அழிந்திருந்தாலும் மீட்டுவிடலாம். ஒரு வரிசை தன்னைப் பற்றிப் பொய் சொல்லி, ஏதோ ஒன்றை நிரப்பி, நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தால் மற்ற வரிசைகளையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு, திருத்தியது சரிதானா என்று பார்க்க ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு பைட் சோதனை எண் தனியாக இருக்கிறது. முழு நம்பிக்கையோடு தவறான கோட்டைப் போட்டுவிடும் அபாயத்தைப் பற்றிச் சொன்னேனே, அதற்கான காவல் இது.

இவ்வளவு ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருக்கிறது. திருத்தம் மௌனமாக நடப்பதால் தட்டு நலிந்துவருவது வெளியே தெரிவதில்லை. வருஷக்கணக்கில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். உபரி முழுவதும் தீர்ந்த அன்று ஒரு கட்டு மொத்தமாக, பதினாறு பகுதியும் சேர்ந்து, கைவிட்டுப் போகும். வீட்டில் எழுதும் டிவிடி-ஆர் தட்டில் ஆபத்து அதிகம். அதில் குழிகள் அச்சடிக்கப்படுவதில்லை. ஒரு கரிமச் சாயப் பூச்சை லேசர் சுட்டு எழுதுகிறது. வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மாற்றுகின்றன. மேலே இருக்கும் பிளாஸ்டிக்கில் விழும் கீறலைத் துடைக்கலாம், தேய்த்து மெருகிடலாம். எழுத்து அதற்கு அடியில் பத்திரமாக இருக்கும். சாயமே வெளிறிப்போனால் தேய்ப்பதால் பிரயோஜனமில்லை.

நண்பரின் மூன்று தட்டுகளும் மூன்று விதமாக நோயுற்றிருந்தன.

முதலாவதில் அழுக்கும் கீறலும். மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பது பாலபாடம். குறுக்காக விழும் கீறல் பல கட்டுகளில் கொஞ்சம் கொஞ்சம் கெடுக்கும், உபரி அதைத் தாங்கிக்கொள்ளும். தடத்தோடு ஒட்டி ஓடும் கீறல் ஒரே கட்டைத் தொடர்ச்சியாக அழித்துவிடும். துடைத்து, குறைந்த வேகத்தில் படிக்க வைத்ததும் இந்தத் தட்டு முழுதாகத் திரும்பி வந்தது.

இரண்டாவதில் கெட்டது உட்புறம். பெயர்களும் அட்டவணையும் எழுதப்பட்டிருக்கும் இடம். பக்கங்கள் இருந்தன, அவற்றின் பெயரும் வரிசையும் இல்லை. ஜேபெக் என்ற முறையில் சேமித்த ஒவ்வொரு படமும் 255, 216 என்ற இரண்டு எண்களோடுதான் தொடங்கும். அந்தத் தொடக்கத்தைத் தேடித் தேடிப் படங்களைப் பிரித்தெடுக்கும் போட்டோரெக் என்ற நிரல் இருக்கிறது. அது நானூற்றுச் சொச்சம் பக்கங்களைக் கொடுத்தது, கயிறு அறுந்த சுவடிக் கட்டுபோல. பக்க எண்ணையும் எழுத்தச்சின் தேய்மானத்தையும் பார்த்து நான் அடுக்கினேன். அடுக்கியதில் பிழை இருக்கலாம்.

மூன்றாவதில் சாயமே போயிருந்தது, முக்கியமாக வெளிவிளிம்பில். தட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. ஆகவே விளிம்பில் இருந்தவை நண்பர் கடைசியாகச் சேர்த்தவை. இதற்கு உதவியது அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதி 2004-ல் வெளிவந்த டிடிரெஸ்க்யூ. அது வேலை செய்யும் விதம் கவனிக்கத் தக்கது. முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டு, கெட்ட இடம் வந்ததும் முட்டி மோதாமல் தாண்டிப் போகிறது. பிறகு திரும்பிவந்து கெட்ட இடங்களின் ஓரங்களைச் செதுக்குகிறது. பின்பக்கமிருந்தும் படித்துப் பார்க்கிறது. இவ்வளவும் நடக்கும்போது ஒரு வரைபடத்தையும் எழுதிக்கொண்டே வருகிறது. எந்தப் பகுதி கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எதை இன்னும் முயலவில்லை என்பது அதில் இருக்கும். இந்த வரைபடம் இருப்பதால் தட்டை வேறொரு டிரைவில் போட்டு, விட்ட இடங்களை மட்டும் மறுபடி முயலலாம். ஒவ்வொரு டிரைவின் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரிகிறது. நான் மூன்று டிரைவுகளில் மாற்றி மாற்றிப் போட்டேன். ஏறக்குறைய 23 லட்சம் பகுதிகளில் கடைசியாக 96 மிஞ்சின. ஆறு கட்டுகள்.

டிரைவ் கிடைத்ததே அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும். 1986-ல் பிபிசி, 1086-ம் வருஷத்து டூம்ஸ்டே நிலக்கணக்கின் 900-ம் ஆண்டை ஒட்டி, பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்களித்த ஒரு பெரிய ஆவணத்தை லேசர் தட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து வருஷத்துக்குள் அந்தத் தட்டைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. 2002 வாக்கில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகக்காரர்கள் பழைய கருவியை நிரலாகவே மறுபடி உருவாக்கித்தான் அதைத் திறந்து காட்ட முடிந்தது. 1086-ன் தோல் ஏடுகளைப் படிக்க யாருக்கும் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. எந்த உபரியும் தட்டுக்குள் மட்டும் இருந்தால் போதாது போலும்.

ஆறு கட்டுகளில் ஐந்து காலியான இடங்களிலோ, வேறு பிரதி உள்ள பக்கங்களிலோ விழுந்திருந்தன. ஆறாவது ஒரு கவிதையின் மேல் விழுந்தது. பதினாறே பக்கம் கொண்ட ஓர் இதழில், பின்னால் எங்கும் எழுதியதாகத் தெரியாத ஒருவருடைய கவிதை. தலைப்பும் ஒன்பது வரிகளும் தெளிவாக இருக்கின்றன. பத்தாவது வரியின் நடுவிலிருந்து பக்கத்தின் அடிவரை சாம்பல் நிறம். நண்பர் சுருக்காமல் சேமித்திருந்தால் ஒரு மெல்லிய பட்டை மட்டும் போயிருக்கும், ஒரு வரியின் உயரம்கூட இருக்காது. இடத்தை மிச்சம் பிடிக்க அவர் ஜேபெக்காகச் சுருக்கிவிட்டார். சுருக்குவது என்றால் உபரியை உருவி எறிவது. உபரி இல்லாத இடத்தில் ஒரு கட்டு அறுந்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லாம் அறுந்து போகிறது.

இங்கேதான் ஷானனின் சொல் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. நம் பழைய செய்யுளில் உபரி ஏராளம். ஒரு வெண்பாவில் ஒரு சீர் பூச்சி அரித்துப் போனால், அதற்கு முந்தைய சீரின் முடிவை வைத்து அது நேரசையில் தொடங்கியிருக்க வேண்டுமா நிரையசையிலா என்று சொல்லிவிடலாம். அடியின் முதல் சீரானால் எதுகை அதன் இரண்டாம் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். யாப்பு, நினைவில் வைத்துக்கொள்ள என்று பாடம் சொல்லுவார்கள். பழுது பார்க்கவும் அதுவே துணை. அதற்கு மேல் உரைகாரர்கள் இருக்கிறார்கள், மேற்கோள்கள் இருக்கின்றன. முத்தொள்ளாயிரத்தில் எஞ்சியவை பெரும்பாலும் புறத்திரட்டு என்ற தொகைநூலில் எடுத்தாளப்பட்டதால் எஞ்சியவை. ஒரு நூலின் உபரி இன்னொரு நூலில் இருந்தது.

புதுக்கவிதை இந்த உபரிகளை எல்லாம் வேண்டாம் என்றது. தளையை விட்டது, எதுகையை விட்டது, அடுத்த வரி இப்படித்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பையே விட்டது. எந்தச் சொல்லையும் பக்கத்துச் சொல்லை வைத்து ஊகிக்க முடியாது என்பதையே தன் பலமாகக் கொண்டது. அதில் எனக்கு மனஸ்தாபம் எதுவும் இல்லை. நான் அந்தக் கவிதையில் வளர்ந்தவன். ஆனால் அதன் விளைவை நாம் யோசிக்கவில்லை. ஊகிக்க முடியாத சொல் தொலைந்தால் தொலைந்ததுதான். தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும் சக்தி அந்தக் கவிதைக்குக் கிடையாது. அதை முந்நூறு பிரதி அச்சடித்தோம், மட்டமான காகிதத்தில். வெண்பாவை விட நூறு மடங்கு ஜாக்கிரதையாகக் காப்பாற்ற வேண்டிய ஒன்றை எந்த ஜாக்கிரதையும் இல்லாமல் விட்டோம். தட்டுக்கு உபரி வேண்டும் என்று என்ஜினீயர்கள் யோசித்த அளவுக்கு நாம் யோசிக்கவில்லை.

அந்தச் சாம்பல் பக்கத்தை ஓர் இளம் நண்பரிடம் காட்டினேன். கம்ப்யூட்டரில் கைதேர்ந்தவர், கவிதையிலும் அக்கறை உள்ளவர். இரண்டு நாள் கழித்து, இப்போதுள்ள மொழி நிரல் ஒன்றைக் கொண்டு மீதி வரிகளை எழுதவைத்து எடுத்து வந்தார். அதே பத்திரிகையில் வந்த மற்றக் கவிதைகளைக் கொடுத்து, அந்தக் காலத்துச் சொல்லாட்சியைப் பழக்கி, மிகுந்த சிரத்தையோடு செய்திருந்தார். வரிகள் மோசமில்லை. பத்தாவது வரியின் உடைந்த சொல்லோடு பொருந்தின. அவற்றைப் படித்த அரைமணி நேரத்துக்கு, கவிதை இப்படித்தான் முடிந்திருக்கும் என்று எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது. அதுதான் பயத்தைத் தந்தது.

இசைத்தட்டு செய்த தந்திரம் இது. பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நடுவில் இருப்பதை ஊகிப்பது. 2013-ல் டேவிட் க்ரீசெல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் கம்பெனியின் சில ஸ்கேனர்கள் பக்கத்தைச் சுருக்கும்போது 6 இருந்த இடத்தில் 8-ஐப் போட்டுவிடுவதைக் கண்டுபிடித்தார். மங்கவில்லை, சிதையவில்லை, தெளிவான, அழகான, தவறான 8. மங்கியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். கட்டத்தாளில் விலகிய புள்ளிகள் சேர்ந்து போட்ட கோட்டைப் போன்றது அது. மிஞ்சிய உண்மையான புள்ளியைப் பிழையாக்கிவிடும் கோடு.

1894-ல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவருக்கு நிரப்பத் தெரியாமல் இல்லை. அந்தத் தமிழில் அவரைவிடப் பொருத்தமாக நிரப்ப அப்போது யார் இருந்தார்கள்? சிதைந்த அடிகளில் அவர் புள்ளி வைத்தார். 267, 268 என்ற இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. எண்ணை இழுத்து அடைக்காமல், 266-க்குப் பிறகு இரண்டு இடம் விட்டு 269 வருகிறது. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இன்னமும் அதன் பெயர் பதிற்றுப்பத்துதான். அந்தப் புள்ளிகளும் அந்த வெற்று எண்களும் ஒரு வரைபடம். நாளை எங்காவது ஒரு சுவடி அகப்பட்டால் அதை எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த வரைபடம் சொல்லும். நிரப்பியிருந்தால் யாரும் தேடவே மாட்டார்கள்.

இளம் நண்பருக்கு வருத்தம்தான். அவருடைய வரிகளை அவருடைய பெயரிலேயே தனிக்கவிதையாக அனுப்பச் சொன்னேன். பழைய கவிதையை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். பத்தாவது வரியில் உடைந்த சொல் உடைந்தபடியே நிற்கும். அதற்குக் கீழே புள்ளிகள். முந்நூறு பிரதிகளில் ஒன்று யாருடைய பரணிலாவது இருக்கக்கூடும். இருந்தால், விட்டுப்போனது எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரியிலிருந்து என்பது இதோ தெரிந்திருக்கிறது. தேடிப் பார்க்க இவ்வளவு போதும்.